ஆடப் பழக்கிய கால்

அன்று காலை லாயத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாளி, பிளாஸ்டிக் நாற்காலியில். லாடம் அடிக்கிறவர், சிம்மக்கல்லில் இருந்து டவுன் பஸ்ஸில் வந்தவர், இடுப்பில் தோலைக் கட்டிக்கொண்டு. என் மச்சினன், என் மனைவியின் தம்பி, தலைக்கயிற்றைப் பிடித்தபடி. நான், குதிரைக்குட்டியின் தோளுக்குப் பக்கத்தில். கடைசியாகக் குட்டி. மூன்று வயது. வெள்ளை. பெட்டை.

லாடக்காரர் குனிந்து அதன் வலது முன்னங்காலைத் தட்டினார். குட்டி உடனே காலைத் தூக்கியது. பரவாயில்லையே என்று அவர் பிடிக்கப் போனார். அது காலைக் கொடுக்கவில்லை. ஓங்கித் தரையில் அடித்தது. மறுபடி தூக்கியது. மறுபடி அடித்தது. அந்த அடி அவருடைய கால் பெருவிரலில் விழுந்தது.

அவர் கத்தவில்லை. உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பார்த்தார். நகம் கறுத்திருந்தது.

"யாரு பழக்குனது இத?" என்றார்.

நானும் மச்சினனும் வாயைத் திறக்கவில்லை.

"வாயில்லாச் சீவன்னு சொல்லாதீக. இதுக்கு வாய் கால்ல இருக்கு."

எங்கள் லாயம் வண்டியூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு, கோயில் திருவிழா, இதற்கெல்லாம் குதிரை விடுவது தொழில். தார் ரோட்டில் நடக்கிற குதிரைக்கு லாடம் வேண்டும். இந்தக் குட்டிக்கு அவசரமாக வேண்டும். வலது முன்னங்குளம்பில் ஒரு விரிசல். இரும்பு போட்டு நிறுத்தாவிட்டால் விரிசல் மேலே ஏறும். மேலே ஏறினால் குதிரை நொண்டி.

"கயித்தக் கொண்டாங்க. சாச்சிருவோம்," என்றார் லாடக்காரர்.

அவர் பெரும்பாலும் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர். மாட்டை அப்படித்தான் செய்வார்கள். காலில் கயிறு போட்டுத் தரையில் சாய்த்து, நாலு காலையும் கட்டி, லாடம் அடிப்பார்கள். மாடு எழுந்து போய் வைக்கோல் தின்னும். குதிரை அப்படியில்லை. எங்கள் லாயத்திலேயே ஒரு செவலைக் குதிரையைச் சாய்த்தோம். விழுந்த வேகத்தில் இடுப்பு போனது. அது எழவே இல்லை. அதை வண்டியில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

"சாய்க்கக் கூடாது," என்றேன்.

"அப்ப நீயே அடிச்சுக்க. எனக்கு இன்னும் ஒம்பது வெரல் இருக்கு. அத வச்சுப் பொழச்சுக்கிறேன்."

முதலாளி நாற்காலியை விட்டு எழவில்லை. "ஒரு மாசம் தாரேன். நின்னா நிக்கட்டும். இல்ல, சாச்சு அடிங்க. செத்தாச் சாகட்டும்," என்றார். லாடக்காரர் நொண்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

குட்டி செய்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மச்சினனுக்கும் தெரியும். அதற்கு ஆட்டம் பழக்கியிருந்தோம். பிரம்பால் முன்னங்காலில் தட்டினால் தூக்க வேண்டும், தூக்கி ஓங்கி வைக்க வேண்டும், காலில் கட்டிய சலங்கை கேட்க வேண்டும். தூக்கி வைத்தால் வெல்லம். தூக்காவிட்டால் இன்னொரு அடி. பேரையூர்ப் பக்கத்தில் இருந்து குட்டி வந்தபோது அதற்கு இரண்டு வயசு. அப்போதே மச்சினன் ஆரம்பித்துவிட்டான். குதிரை முதலில் காலைக் கொடுக்கப் பழக வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். பிரம்பை வெட்டிக் கொடுத்தவன் நான்தான்.

லாடக்காரர் தட்டினார். குட்டி ஆடியது. அது தனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்தது.

அன்று மத்தியானமே மச்சினனிடம் சொன்னேன்.

"மாப்ள, ஒரு மாசத்துக்குப் பெரம்பத் தொடாத."

"பங்குனியில ஆர்டர் இருக்கு. யாரு ஆடுறது? நீங்க ஆடுவீகளா மாமா? சலங்கையக் கட்டிவிடவா?"

"காலு பொளந்தா எத வச்சு ஆடும்?"

"இம்புட்டு அக்கறை எங்க அக்கா மேல இருந்தா அது என்னைக்கோ தேறியிருக்கும்."

பிரம்புகளை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தேன். சாணிக் குவியலில் செருகினேன். அதோடு அவன் என்னோடு பேச்சை நிறுத்தினான். அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். மூன்று பேரும் ஒரே சட்டியில் சோறு தின்றோம். குழம்பு வேண்டுமென்றால் அக்காவிடம் கேட்பான். அது என் கைப்பக்கம் இருந்தாலும் அக்காவிடம்தான் கேட்பான்.

காலையிலும் சாயங்காலமும் குட்டியிடம் போனேன். எடுத்த எடுப்பில் கையைக் காலில் வைக்கவில்லை. கழுத்து முடிவில் வைத்து, தோள் வழியாக, முழங்கால் வழியாக, கையை எடுக்காமல் கீழே கொண்டுபோனேன். தட்டினால் ஆடும். தடவினால் என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. தெரியாமல் நிற்கிற அந்த நேரம்தான் எனக்கு வேண்டியது. குளம்புக்கு மேலே இரண்டு விரலால் அமுக்கிக் காலை எடுத்தேன். இரண்டு எண்ணுவதற்குள் நானே கீழே வைத்தேன். அது பிடுங்கி நான் விட்டால் பிடுங்குவதைத்தான் கற்றுக்கொள்ளும்.

நான்காவது நாள் தோளில் கடித்தது. சட்டை கிழிந்தது. பின்னங்காலுக்குப் போனபோது தொடையில் ஒரு உதை விட்டது. ஒரு வாரம் சரிந்துதான் உட்கார்ந்தேன். அடிக்கவில்லை. நல்ல மனசு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அடித்தால் மறுபடி ஆடும், அதனால் அடிக்கவில்லை.

இரண்டு பத்தானது. பத்து முப்பதானது. பிறகு ஒரு கூழாங்கல்லால் குளம்பைத் தட்டினேன். டக், டக் என்று ஒரே சீராக விழுந்தால் உடனே கால் துள்ளியது. மேளம் என்று நினைத்தது. அதனால் தாளம் விழாமல் தட்டினேன். ஒன்று தட்டுவேன். கொள்ளு வேகிறதா என்று பார்ப்பேன். மூன்று தட்டுவேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக்கினேன். சீராகத் தட்டியும் ஒருநாள் கால் என் மடியில் கிடந்தது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். அது என் தப்பு. தண்ணீர் லாரிக்காரர் ஒருநாள் வந்தார். நல்ல மனிதர், மாடு வைத்திருப்பவர். "அண்ணே, கொஞ்சம் அது காலத் தூக்கிப் பாருங்க" என்றேன். அவர் தொட்டதும் குட்டி தூக்கித் தரையில் அடித்தது. அவர் தாவி நகர்ந்தார். "எதுக்குண்ணே என்னக் கொல்லப் பாக்குறீக?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அது என் கைக்கு மட்டும் நின்றது. லாடம் அடிப்பது என் கை அல்ல. அப்போது பத்து நாள்தான் பாக்கி.

இன்னொரு கை வேண்டும். தினமும் வருகிற கை வேண்டும். குட்டி எந்தக் கைக்கு அதிகம் பயந்ததோ அதற்கு நின்றால் வேறு எவனுக்கும் நிற்கும். லாயத்தில் அப்படி ஒரு கைதான் இருந்தது.

மச்சினன் கடிவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். போய் நின்றேன்.

"மாப்ள, நாளையில இருந்து நீ அது காலப் பிடிக்கணும்."

கேட்காத மாதிரி இருந்தான். இன்னொரு தடவை சொன்னேன்.

"காது கேக்குது. பெரம்ப ஒடிச்ச கைக்கு இப்ப என் கை வேணுமாக்கும்."

"வேணும்."

"நான் அடிச்சதுதான் தப்புன்னு ஊரெல்லாம் சொல்லுவீக."

"சொல்ல மாட்டேன்."

இப்போது எழுதிவிட்டேன். அது வேறு.

மறுநாள் வந்தான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "பாத்துக்கங்க. கையில ஒண்ணும் இல்ல." எனக்குச் சொன்னதா, குட்டிக்குச் சொன்னதா, தெரியாது. அவன் தோளைத் தொட்டதும் குட்டிக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. வெறும் கைக்கே வேர்த்தது. அவன் அதைப் பார்த்தான். அன்று தோளுக்குக் கீழே கை போகவில்லை.

ஆறாவது நாள் அவனிடம் காலைக் கொடுத்தது. அவன் என்னைப் பார்க்காமலே எண்ணினான். நான் சொல்லிக் கொடுத்தபடி அவனே கீழே வைத்தான். நன்றாகவே செய்தான். அதையும் நான் அவனிடம் சொல்லவில்லை.

மாசம் முடிந்து லாடக்காரர் வந்தார். பெருவிரல் நகம் விழுந்துவிட்டிருந்தது. பையில் இருந்து முதலில் எடுத்தது கயிறு. எல்லோரும் பார்க்கிற இடத்தில் சுருட்டி வைத்தார்.

"தட்டாதீக அண்ணே. தோள்ல இருந்து தடவி வாங்க," என்றேன்.

"முப்பது வருசமா அடிக்கிறேன். எனக்குத் தடவச் சொல்லிக் குடுக்குற."

"தட்டுனா ஆடும். ஆடப் பழக்கியிருக்கோம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா என் நகம் இருந்திருக்கும். மூணு பேரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

அது நியாயமான கேள்வி.

தடவினார். முதலில் இடது முன்னங்கால். குட்டி கொடுத்தது. அரம் போட்டார், நின்றது. சுத்தியல் விழுந்தது. இரண்டாவது ஆணியில் கால் துள்ளப் பார்த்தது. முதலாளி நாற்காலியில் இருந்து எழுந்தார். லாடக்காரர் கயிற்றைப் பார்த்தார். மச்சினன் அவர் கைக்குக் கீழே தன் கையை நுழைத்துக் காலைத் தாங்கினான். குட்டி பிடுங்கிப் பார்த்துவிட்டு, காலைத் தளர்த்தியது. அவர் அடித்தார்.

காலுக்கு ஆறு ஆணி. விரிசல் குளம்புக்கு வந்தபோது நகத்தால் கீறிப் பார்த்தார். "இதுல ஆறு போகாது. அஞ்சுதான். ஆறாவது போட்டா ரெண்டாப் பொளந்துரும்," என்றார். பிறகு பின்னங்கால்கள். கடைசிக் காலில் அவர் மூச்சு வாங்கினார். குட்டி தூங்குகிற மாதிரி நின்றது.

கயிற்றை எடுத்துப் பையில் போட்டார். நல்ல குதிரை என்றோ கெட்ட குதிரை என்றோ சொல்லவில்லை.

முதலாளி கேட்டார். "அப்ப பங்குனிக்கு ஆட்டம் விடலாம்ல?"

"ஆட்டம் வேணாம். நடக்க மட்டும் விடுவோம்," என்றான் மச்சினன். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "இவரு மூஞ்சிக்காகச் சொல்லல," என்றான்.

முதலாளி திட்டிக்கொண்டே போனார். மச்சினன் போனான். நான் குட்டியின் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி, மடியில் வைத்து, ஆணிகளை எண்ணினேன்.

இருபத்து மூன்று.