வரிசையின் முதல் ஆள்

மச்சானுக்கு நீந்தத் தெரியாது. முப்பது வருடம் கழிமுகத்துத் தண்ணீரில் நின்றே மீன் பிடித்தவருக்கு இப்படி என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கேட்டால், "நிக்கிறவனுக்கு எதுக்கு நீச்சல்? காலு இருந்தாப் போதும்" என்பார்.

அவர் என் மனைவியின் அண்ணன். அவருடைய மனைவி இறந்த பிறகு எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறார். ஒரு கட்டில், ஒரு ரேடியோப் பெட்டி, ஆணியில் தொங்கும் இரண்டு சட்டை, அவ்வளவுதான் அவர் சொத்து. நான் செங்கல் சூளையில் வேலை பார்த்தவன். கல்யாணம் முடிந்த மறுமாதமே என்னைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். "இந்தத் தூசியோட வீட்டுக்கு வராத மாப்ள, உன் துணியத் தோய்ச்சே என் தங்கச்சி தேஞ்சு போயிடுவா" என்றார். அன்றிலிருந்து வரிசையில் அவர் முதல் ஆள், நான் இரண்டாவது ஆள்.

வரிசை என்று சொன்னது எங்கள் வேலையின் முறை. ஆறு கடலில் சேரும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில், பன்னிரண்டு பேர் தோளில் வீச்சு வலையோடு நிற்போம். தண்ணீர் கலங்கலாக இருக்கும், மீன் கண்ணுக்குத் தெரியாது. ஓங்கிலுக்குத்தான் தெரியும். டால்பினை நாங்கள் ஓங்கில் என்போம். அது மடவை மீன் கூட்டத்தைக் கடலிலிருந்து எங்களை நோக்கி ஓட்டிக்கொண்டு வரும். கிட்டே வந்ததும் முதுகை வளைத்துத் தலையால் தண்ணீரை ஓங்கி ஒரு அடி அடிக்கும். அந்தக் கணமே முதல் ஆளின் வலை விழவேண்டும். விழுந்தால் கூட்டம் மிரண்டு எங்கள் பக்கம் திரும்பும், அடுத்தடுத்து எல்லோரும் வீசுவோம். சிதறி ஓடுகிற மீனை ஓங்கில் தின்னும். அதற்கும் வயிறு, எங்களுக்கும் வயிறு. முதல் ஆளுக்கு முன்னால் வேறு யாராவது வீசினால் கூட்டம் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் பதினோரு வீட்டு உலையும் முதல் ஆளின் கண்ணில் இருக்கிறது.

அந்தக் கண்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு இயந்திரத்தில் முகத்தை வைக்கச் சொல்லிப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு வாடிவிட்டது, நேரே இருப்பது தெரியும், ஓரத்தில் வருவது தெரியாது என்றார். "போன பார்வை திரும்பாதுங்க. இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கலாம்." சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து மச்சான் வெகுநேரம் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லாத. தெருவுக்கே கேக்குற மாதிரி அழுவா."

"சொல்லல மச்சான்."

"வரிசையிலயும் சொல்லாத."

 மறுநாள் காலை ஓங்கில் இடது ஓரத்தில் தலையடித்தபோது அவர் நேரே பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.  என்னை அறியாமல் இருமினேன். அவர் வலை பறந்தது.

அன்று முதல் ஓங்கில் எந்தப் பக்கம் அடித்தாலும் நான் இருமினேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது மட்டும் மனது உறுத்தும். ஆண்டவனே, நான் பொய் சொல்லவில்லை, இருமத்தானே செய்கிறேன் என்பேன். எனக்கே அது சமாதானமாக இல்லை. நான் பார்த்து, நான் இருமி, அவர் வீசுவதற்குள் பாதிக் கூட்டம் நழுவிவிடும். அவர் தாமதிப்பது மற்றவர்களுக்கும் தெரியாமல் இல்லை. வரிசையில் எனக்கு அடுத்து நிற்பவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர், வாய் மூடாது. அவன்கூட, "அண்ணன் இப்பல்லாம் ரொம்பப் பொறுமைசாலி ஆயிட்டாரு. ஏதோ மனசுல வச்சுத்தான் பொறுக்கிறாரு" என்றான். அவ்வளவு நம்பிக்கை.

அந்த வருடம்தான் நோட்டுப் பொண்ணு வந்தாள். ஓங்கில்களைப் பற்றிப் படிப்பதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெண். கரையில் ஒரு பழைய ஐஸ் பெட்டியின் மேல் குடையோடு உட்கார்ந்து, தொலைநோக்கியில் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதுவாள். எந்த ஓங்கில் எப்போது தலையடித்தது, யார் எத்தனை விநாடியில் வீசினார்கள், எத்தனை மீன் விழுந்தது, எல்லாம் கட்டம் கட்டமாக. வந்த முதல் நாளே எங்களிடம் சொன்னாள்:

"உங்க பேரு எங்கயும் வராது. சீட்டுக் குலுக்கிப் போட்டு நம்பர்தான் வச்சிருக்கேன். யாரு எந்த நம்பர்னு வெளியாளுக்குத் தெரியவே தெரியாது."

சீட்டில் மச்சானுக்கு ஏழு வந்தது, எனக்கு மூன்று.

"அண்ணனுக்கு ஏழு பத்தாதும்மா, ஏழரைன்னு போடு" என்றான் ரேடியோ.

"உனக்குப் பூஜ்யம் போட்டிருக்கணும்டா. உன் வலையில விழுறதும் அதானே" என்றார் மச்சான்.

ஒரு வாரத்தில் எல்லோரும் எல்லோரையும் நம்பர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். ரகசியமாக இருக்கட்டும் என்று அவள் வைத்ததை நாங்கள் பட்டப்பெயராக்கிக்கொண்டோம். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் அவள் என்னிடம் வந்து, "அங்கிள், ரொம்ப இருமுறீங்க. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்க" என்று மிட்டாய் மாதிரி ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்தாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போதே அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

இரண்டு பருவம் முடிந்தது. ஊருக்குப் போகும் முன் நாங்கள் செய்ததை எங்களுக்கே காட்டவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். நல்ல பெண். வலைக் கொட்டகையில், மீன் எடைபோடும் மேசையைத் துடைத்து அதில் கணினியை வைத்தாள். டீயும் பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தாள். ஓங்கில்களின் முதுகுத் துடுப்பைப் படம் படமாகக் காட்டி, இது இத்தனை தடவை வந்தது, இது குட்டி போட்டிருக்கிறது என்று சொன்னாள். நாங்கள் கல்யாண வீட்டு ஆல்பம் பார்ப்பது போலப் பார்த்தோம்.

கடைசியில் அவள் முகம் மலர்ந்து சொன்னாள்:

"இப்ப சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மூணாம் நம்பர் இருமினாதான் ஏழாம் நம்பர் வீசுறாரு. நூறு தடவையில தொண்ணூறு தடவை அப்படித்தான். முதல்ல அந்த இருமலுக்குத்தான் ஓங்கில் வருதோன்னு நெனச்சேன்." சிரித்தாள். "இல்ல. ஓங்கில் தலையடிச்சதும் மூணாம் நம்பர் இருமுறாரு, ரெண்டு விநாடி கழிச்சு ஏழாம் நம்பர் வீசுறாரு. ஓங்கிலும் மனுஷனும் மட்டும் இல்ல, மனுஷனும் மனுஷனும் எவ்வளவு அழகா..."

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி அப்படியே இருந்தான், அது ஊறி உடைந்து உள்ளே விழுந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள், பிறகு என்னை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தப் பெண் எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்து, மெல்ல மெல்லப் புரிந்துகொண்டாள்.

"நான் பேரு சொல்லலையே..." என்றாள்.

மச்சான் எழுந்தார். தடவித் தடவி டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "நல்லா எழுதியிருக்கம்மா. தப்பு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி தண்ணீர்க் குழாயடிக்குப் போய் என் மனைவிக்கு எட்டியிருந்தது. அவள் சத்தம் போட்டு அழவில்லை. அழுதிருக்கலாம். அடுப்படியில் நின்றபடி, "எனக்கு அண்ணன். என்கிட்ட மட்டும் சொல்லத் தோணல, இல்ல?" என்றாள். அதோடு மூன்று நாள் என்னோடு பேச்சில்லை.

மறுநாள் காலை மச்சான் வழக்கம்போல வலையை எடுத்துக்கொண்டு வந்து முதல் இடத்தில் நின்றார். 

"மாப்ள, இன்னிக்கு உன் தொண்டைக்கு ஓய்வு" என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். முதல் தடவை ஓங்கில் மூச்சு விடும் சத்தத்துக்கே அவர் வீசிவிட்டார், கூட்டம் வந்து சேரவே இல்லை. இரண்டாம் தடவை ஓங்கில் எங்களுக்கு ஒரு கை தூரத்தில் தலையடித்தது.  ஆண்டவனே, இவருக்கு ஒரே ஒரு கணம் காட்டிக் கொடு என்று கேட்டேன். அவர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். மீன் எங்கள் கால்களில் உரசிக்கொண்டு ஓடியதை நாங்கள் பன்னிரண்டு பேரும் உணர்ந்தோம்.

வழக்கமாக இதற்கு வரிசையே கத்தும். அன்று மூச்சுச் சத்தம்கூட இல்லை. "பரவால்லண்ணே" என்றான் ரேடியோ, மிக மெதுவாக. அந்தக் குரலில் அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

 மச்சான் வலையைத் தோளில் சுற்றிக்கொண்டு, காலால் தரையைத் துழாவியபடி கரையேறினார். மாலையில் கட்டிலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னது இதுதான்: "ஒருத்தனாவது திட்டியிருந்தா நின்னிருப்பேன் மாப்ள."

மறுநாள் ரேடியோ வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்று, முதல் இடத்தில் நான்தான் நிற்கவேண்டும் என்று எல்லோரும் பேசி முடித்ததாகச் சொன்னான். இரண்டு பருவமாக ஓங்கிலை முதலில் பார்த்தவன் நான்தான் என்று நோட்டிலேயே இருக்கிறதாம். நான் முடியவே முடியாது என்றேன். அந்த இடத்தை அவரிடமிருந்து பிடுங்கவா நான் இருமினேன்?

உள்ளிருந்து மச்சான் குரல் கொடுத்தார். "நீ நிக்கலைன்னா வேற யாரு நிப்பா? இவனா? இவன் பேச ஆரம்பிச்சா ஓங்கில் காதப் பொத்திக்கிட்டு ஓடிடும்."

ரேடியோ சிரித்தான். நானும் சிரிக்கவேண்டியதாயிற்று. அப்படித்தான் முடிவாயிற்று.

முதல் நாள் நான் நின்றேன். ஓங்கில் அடித்தது, வீசினேன். நன்றாகவே விழுந்தது. கரையில் மச்சான் கூடையோடு காத்திருந்தார். அவர் கூடையின் ஒரு காதைப் பிடிக்க, நான் மறுகாதைப் பிடிக்க, தூக்கிக்கொண்டு நடந்தோம்.

"கொஞ்சம் முந்திட்ட. அடிச்சப்புறம் ஒரு மூச்சு பொறு. இன்னும் நிறைய வரும்."

அவர் அதைக் காதால் கேட்டுச் சொன்னாரா, அல்லது எதையாவது சொல்லவேண்டும் என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. "சரி மச்சான்" என்றேன்.

அடுத்த நாள் ஓங்கில் அடித்தது. நான் ஒரு மூச்சு பொறுத்தேன். பொறுக்கும்போதே தெரிந்துவிட்டது, போயிற்று. கூட்டம் ஆழத்துக்குத் திரும்பிவிட்டது. என் வலையில் நான்கு மடவை, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. பின்னால் யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள்.

கரையேறினேன். அந்த நான்கையும் கூடையில் போட்டேன். மச்சான் குனிந்து தன் பக்கத்துக் காதைப் பிடித்தார். ஒரு கையால், இரண்டு விரலால் தூக்கலாம், அவ்வளவுதான் கனம்.

"பொறுத்தியா?" என்றார்.

"பொறுத்தேன் மச்சான்."

 அவர் கூடையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். நான்கே மீன் கிடந்த கூடையை இரண்டு பேர் சுமந்துகொண்டு போவதைக் கொட்டகை வரைக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.