ஒல்லாந்து டிஃபென்டரைப் பற்றி ஒரு கேள்வி

ஒல்லாந்து கால்பந்து டிஃபென்டர் ஒருவரின் ஆட்ட வாழ்க்கையை எழுதினால் என்ன என்ற எண்ணம் ஸ்கார்பரோவின் இந்த இலங்கைத் தமிழர் உணவுக்கடையில்தான் எனக்குத் தோன்றுகிறது. சுவர் டிவியில் அவருடைய கடைசி ஆட்டம். காலைக் கூட்டம் பேச்சே இல்லாமல் ரோல்ஸ் வாங்கிப் போகிறது. அவர்கள் ஊரில் போர் முடிந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். செய்தி வந்தாலே கவுன்டரில் நிற்கும் துஷி சேனலை மாற்றிவிடுகிறாள்.

சென்னையிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த எனக்கோ வாய் சும்மா இருக்காது. "ரெண்டு தடவை முட்டி போயும் திரும்ப வந்து ஆடினவருங்க இவர்!"

துஷி நிமிர்கிறாள். "தம்பிக்கு உவர் எண்டா உயிர். அவன் சண்டை நடந்த வன்னிக்குள்ள. மாசிக்குப் பிறகு ஒரு தொடர்பும் இல்லை. வவுனியா மாமா இண்டைக்கு அகதி முகாம்களில அவனைத் தேடப் போனவர்."

அங்கே இப்போது இரவு. மாமா திரும்பியிருப்பார்.

"போன் பண்ணிப் பார்த்தீங்களா?"

"பயமாக் கிடக்கு. நான் அழுவன் எண்டு, காணாட்டிலும் கண்டனான் எண்டுதான் மாமா சொல்லுவார். ஆனா உண்மையாக் கண்டிருந்தா, உவர் இன்னும் விளையாடுறாரோ எண்டு தம்பி கட்டாயம் என்னட்டக் கேக்கச் சொல்லி விட்டிருப்பான். மாமாவுக்கு ஃபுட்பால் ஒண்டும் தெரியாது, தானா உதைக் கேக்க மாட்டார்." மாமாவின் எண் எழுதிய தாளோடு போன் கார்டை என் பக்கம் தள்ளுகிறாள். "நீங்களே அடியுங்கோ."

நாணயத்தால் கார்டைச் சுரண்டி, மறைந்திருக்கும் எண்ணை எடுக்கிறேன். 'இன்றோடு ஓய்வு பெறுகிறார்' என்ற பதில் வாயில் தயாராக இருக்கிறது. இனி எண்களை அழுத்த வேண்டும். மாமா "கண்டனான்" என்று சொன்ன பிறகும், அந்தக் கேள்வி வரும்வரை போனை வைக்காமல் பிடித்திருக்க வேண்டும்.