கிளிமீன் ஜோடி

கடல் கண்காட்சியில் மீன் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவரை எல்லாரும் பெயிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். கேட்டீர்களா கூத்தை! மேலிடத்துக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. யாருக்கும் சந்தேகம் வராதபடி பெயர் ஒட்டாத குப்பிகளில் வண்ணம் குழைத்து, பெட்டியில் வரிசையாக அடுக்கித் தருவாள்.

"இடது பக்கம் பெண் மீனுக்கு, வலது பக்கம் ஆண் மீனுக்கு. மாத்திடாதீங்க சாமி."

கடைசியாக வந்த வேலை கிளிமீன் ஜோடி. வெப்பக் கடல்களின் பவளப்பாறை ஓரமாக வாழும் மீன். குளிர்ந்த கடல் பக்கம் தலைவைத்தும் படுக்காது. கிளிமூக்கு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டித் தின்னும். பெண் பழுப்புச் சிவப்பு, ஆண் நீலப் பச்சை. பெண்ணாக இருந்தது வளர்ந்தபின் ஆணாக மாறுவதும் உண்டு.

ஆண் மீனை முடித்திருந்தார். அதற்குள் காய்ச்சலில் மனைவி போய்விட்டாள். துக்கத்துக்கு வந்த அண்ணி சும்மா உட்காரமாட்டாமல் வீட்டைத் துடைத்தாள். குப்பிகளையும் துடைத்து, உயரம் பார்த்து அழகாக மாற்றி அடுக்கினாள். நல்ல மனசுதான், கையைத்தான் கட்டிப்போட்டிருக்க வேண்டும்.

பெயிண்டருக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். இடது பக்கக் குப்பிகளைத் திறந்து, பெண் மீனுக்கு வால்வரை ஒழுங்காகப் பூசினார்.

மேலாளர் அம்மா ஜோடியை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்ன பெயிண்டரே, ரெண்டும் ஆணா நிக்குது? பெட்டிக்குள்ளேயே மாறிடுச்சா?"

பெயிண்டர் உற்றுப் பார்த்தார். அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

"வீட்ல கேட்டுட்டு வந்து மாத்திடறேம்மா," என்றார்.

மேலாளரின் சிரிப்பு நின்றது. துக்கத்துக்கு வந்து போனவர்தான் அவரும்.

"வீட்லயா? நிறத்தையா கேப்பீங்க?"

"ஆமாம்மா. எனக்குச் சிவப்பு, பச்சை தெரியாது. அவதான் சொல்லுவா."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவர் காதில் விழுந்தது. வேலை போய்விடுமே என்றுகூடத் தோன்றவில்லை. வீட்டில் கேட்க ஆளில்லை என்பது மட்டும் அப்போதுதான் உறைத்தது.

மேலாளர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குப்பிகளில் ஒன்றை எடுத்து பெயிண்டர் பக்கம் நகர்த்தினார்.

"இதுதான் சிவப்பு. பூசுங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."