ஐந்து கிடாருக்கும் ஒரே சுருதி

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, புனேயில் கோரேகாவ் பார்க் பக்கத்துத் தோட்டத்து ஹோட்டல் ஒன்றில் நடந்தது இது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ராக் கச்சேரி. நான் பாட வந்தவனும் இல்லை, கேட்க வந்தவனும் இல்லை. பெட்டி தூக்க வந்தவன்.

திருப்பத்தூர் பக்கம் எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அதன் பிறகு சூரத்தில் துணி மில், கோவாவில் ஹோட்டல், நாக்பூரில் லாரி செட் என்று சுற்றினேன். ஒரு ஊரில் ஒரு வருஷம் இருந்தால் அதிகம். புனே வந்து ஏரவாடாவில் நாலு பேரோடு ஒரு அறையில் தங்கி, சவுண்ட் சாமான் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் தினக்கூலியாகச் சேர்ந்தேன். ஒரு நாள் ஸ்பீக்கர் பெட்டி காலில் விழுந்து, வலியில் தமிழில் கத்தினேன். மேடையில் இருந்த ஒரு பையன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க தமிழா, அண்ணா?"

"ஆமாங்க. நீங்க?"

"நாங்களும். தஞ்சாவூர். நான் ரெண்டு தடவ பாத்திருக்கேன்."

அந்தப் பையன்தான் நான் சொல்கிற கச்சேரியின் கிடார்காரர். அப்பா விமானப்படையில் இருந்தவர், வீடு லோஹேகாவில். வயது இருபத்தாறு இருக்கும். தமிழ் பேசினால் நடுவில் நின்று நின்று வார்த்தை தேடுவார். அன்றிலிருந்து அவர் குழுவுக்கு எங்கே கச்சேரி என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார். நான் அவரைத் தம்பி என்பேன்.

அவரிடம் ஐந்து கிடார் இருந்தன. சிவப்பு, கறுப்பு, நீலம், வெள்ளை, அப்புறம் மின்சாரம் இல்லாத பழைய மரக் கிடார் ஒன்று. காலால் மிதிக்கிற பெடல்கள் பதினொன்று, ஒரு பலகையில் வரிசையாக. சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் ஒன்று, அதைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இருப்பது இரண்டு கை, வாசிப்பது ஒரு ஆள், எதற்கு ஐந்து கிடார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பணக்கார வீட்டில் ஐந்து ஜோடி செருப்பு இருப்பதில்லையா, அப்படி ஏதோ என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் ஊராகக் கச்சேரி ஏற்பாடு செய்கிற ஒரு பெரிய ஆள் பாட்டுக் கேட்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் பன்னிரண்டு ஊரில் கச்சேரி. தம்பி காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டார்.

"இது கெடச்சா நீங்க லோடிங் இல்ல, அண்ணா. என் கிடார் எல்லாம் உங்க... உங்க பொறுப்பு. மேடை ஓரத்துல நிப்பீங்க. நான் கை நீட்டினா அடுத்த கிடார் குடுப்பீங்க. மாசச் சம்பளம்."

எனக்கு வாழ்க்கையில் அதுவரை யாரும் பொறுப்பு என்று எதையும் கொடுத்ததில்லை. தூக்கு, வை, நகரு. அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் இணைத்து வாசித்துப் பார்த்தார்கள். சவுண்ட் செக் என்பார்கள். அது முடிந்த பிறகு மேடையில் ஒரு குமிழைக்கூடத் தொடக் கூடாது. இது எனக்கும் தெரியும். பெடல்களின் குமிழ்கள் எங்கே நிற்க வேண்டும் என்று வெள்ளைக் கோடு போட்டிருப்பார். தூசி துடைக்கும்போதுகூட அந்தக் கோட்டுப் பக்கம் என் துணி போகாது. எல்லாரும் மிசல் பாவ் சாப்பிடப் போனார்கள். சாமானுக்குக் காவலாக நான் மட்டும் இருந்தேன்.

சும்மா உட்கார எனக்கு வராது. கிடாரின் தலையில் க்ளிப் மாதிரி மாட்டுகிற சின்னக் கருவி ஒன்று உண்டு. கம்பியைத் தட்டினால் ஓர் எழுத்தைக் காட்டும். கம்பி சரியாக முறுக்கியிருந்தால் பச்சை எரியும். சிவப்புக் கிடாரை அவர் சுருதி சேர்ப்பதை ஐம்பது தடவை பார்த்திருப்பேன். ஆறு கம்பிக்கும் ஆறு எழுத்து, வரிசையாக எனக்கு மனப்பாடம். சரி, பார்ப்போம் என்று கருவியை மாட்டினேன். சிவப்பு சரியாக இருந்தது. நீலத்தில் நாலு கம்பி தப்பு. கறுப்பில் தடித்த கம்பி தப்பு. மரக் கிடாரில் ஆறுமே தப்பு. வெள்ளையும் அப்படித்தான்.

டெம்போவில் வரும்போது குலுங்கியிருக்கும், குலுங்காமல் பிடித்துக்கொள்ள வேண்டியவன் நான் அல்லவா என்று நினைத்தேன். இரண்டு மணிக்குத்தானே வாசித்துப் பார்த்தார்கள் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக, சிவப்பில் வருகிற அதே எழுத்து வந்து பச்சை எரியும்வரை முறுக்கினேன். நாற்பது நிமிஷம். நீலக் கிடாரின் தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளை டேப்பில் ஆறு எழுத்து எழுதியிருந்தது. கம்பெனி அடையாளம் என்று நினைத்தேன். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக நிறுத்தினேன். அவ்வளவு திருப்தியாக நான் ஒரு வேலையைச் செய்ததில்லை.

கச்சேரி ஆரம்பித்தது. முதல் பாட்டு சிவப்புக் கிடாரில். நன்றாகப் போனது. பெரிய ஆள் முன்வரிசையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தம்பி அன்றைக்கே என்னை மேடை ஓரத்தில் நிறுத்தியிருந்தார். இரண்டாவது பாட்டுக்குக் கை நீட்டினார். நீலத்தைக் கொடுத்தேன். விரலில் கண்ணாடிக் குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு வாசிக்கிற பாட்டு அது. முதலில் அவர் மட்டும்தான், வேறு வாத்தியம் கிடையாது. குழாயைக் கம்பிகளின் மேல் வைத்து ஒரே இழுப்பு.

தகரத்தை ரோட்டில் இழுத்த மாதிரி இருந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தவன் சாமானெல்லாம் இடம் மாறிக் கிடப்பதைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. கையை ஆட்டினார். கிடாரில் ஏதோ கோளாறு, வேறு கேட்கிறார் என்று கறுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதில் ஒரு தடவை தட்டிப் பார்த்தவர், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீலத்தையே மாட்டிக்கொண்டு லேசாகச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரே ஒரு மெல்லிய கம்பியில் குழாயைத் தேய்த்துத் தேய்த்து முழுப் பாட்டையும் வாசித்தார். கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது, கடைசியில் எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் பாடகி இரண்டு இடத்தில் சுருதி கிடைக்காமல் தடுமாறினாள். பெரிய ஆள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நன்றாக இருந்ததா, கெட்டுப்போனதா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிச்சப் பாட்டுகளைச் சிவப்பை வைத்தே ஒப்பேற்றினார்கள்.

முடிந்ததும் ஹோட்டல் சமையலறைக்குப் பின்னால் பாடகி அவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் மராத்திக்காரி, கோபம் வந்தால் மராத்திதான். சுருதி பார்க்காமலா மேடை ஏறினாய் என்று கேட்கிறாள், அதுமட்டும் புரிந்தது. டிரம்ஸ்காரர் நடுவில் புகுந்து, "ஏக் தார் மே காம் ஹோ கயா நா? பாக்கி பாஞ்ச் பேச் தே!" என்றார். ஒரு கம்பியில் வேலை முடிந்ததே, மிச்சம் ஐந்தை விற்றுவிடு என்று. யாரும் சிரிக்கவில்லை.

தம்பி தலையைக் குனிந்து சொன்னார். "மாஜி சூக்."

என் தப்பு.

நான் இரண்டு அடி தள்ளி, கேபிளை முழங்கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். என் தப்பு என்று அவர் ஏன் சொல்ல வேண்டும்? எது தப்பு என்றே அப்போது எனக்கு முழுசாகத் தெரியாது. ஆனால் என் கை பட்டதால் வந்தது என்று தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் கிடையாது.

லோஹேகாவுக்குப் போகிற வழியில் டெம்போவில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே சொன்னேன்.

"தம்பி, கம்பிய முறுக்குனது நான்."

"தெரியும், அண்ணா."

"எல்லாத்துலயும் பச்சை வர்ற வரைக்கும் வெச்சேன்."

"கரெக்டா வெச்சிருக்கீங்க. ஒரு கம்பிகூடத் தப்பு இல்ல. அதான் ப்ராப்ளம்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம்தான் விளக்கினார். ஒவ்வொரு கிடாருக்கும் வேறு வேறு சுருதி. மேடையில் நின்று கம்பி முறுக்க நேரம் இருக்காது, அதற்குத்தான் ஐந்து. டேப்பில் இருந்தது கம்பெனி அடையாளம் இல்லை, அந்தக் கிடாரின் சுருதி.

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"சொன்னா உங்கள அனுப்பிடுவாங்க. ஆம்ப்ப யாரு தூக்கறது? நானா?"

அது தமாஷா, நிஜமா என்று முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டு ஊரும் கிடைக்கவில்லை. கிடார் பாட்டோடு சேரவில்லை என்று அந்த ஆள் அனுப்பிய செய்தியைப் பாடகி வாசித்துக் காட்டினாளாம். அதைக் கேள்விப்பட்ட மறுநாள் காலையில் பையைக் கட்டினேன். எல்லாரிடமும் சொல்லிவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போவது என்று முடிவு. அவர்கள் பயிற்சி செய்கிற அறைக்குப் போய், எனக்குத் தெரிந்த ஹிந்தியில், கிடாரைக் கெடுத்தது நான்தான், அவர் இல்லை என்றேன்.

பாடகி என்னையே பார்த்தாள். பிறகு திரும்பி அவரைத் திட்ட ஆரம்பித்தாள்! "தூ வேடா ஆஹேஸ் கா?" உனக்கென்ன பைத்தியமா, எங்களிடம் எதற்குப் பொய் சொன்னாய் என்று. அன்றைக்கு ஹோட்டலில் திட்டியதைவிட அதிகம். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டி முடித்துவிட்டு, என் கையில் ஒரு டீயைக் கொடுத்து, "தாதா, நாலு கிடாரையும் தனியா உட்கார்ந்து முறுக்கினீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டாள். தாதா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். ஆமாம் என்றேன். டிரம்ஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி நீலக் கிடாரை என் மடியில் வைத்து, டேப்பில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார்.

பை வாசலில் கிடந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது அவர்கள் சின்னச் சின்ன இடங்களில் வாசிக்கிறார்கள், நான் மேடை ஓரத்தில் நிற்கிறேன், மாதத்தில் பாதி நாள் வேறு இடங்களுக்கு லோடிங் போகிறேன். எது கோணலாகத் தெரிந்தாலும், இது இப்படித்தான் இருக்கணுமா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன். அன்று அவர்களில் யாராவது போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த ஊருக்குப் போய் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். சொல்லாததால் மூன்று வருஷமாக ஒரே ஊரில் இருக்கிறேன், ஏன் சொல்லவில்லை என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.