எங்கள் ஹோலில் ஒரு ரஷ்ய நீதவான்

என் மாமா பொய் எழுதியிருக்கிறார். ஊர் மன்றத்தின் ஆண்டு மலரில், தன் படத்தோடு, இரண்டு பக்கத்துக்கு. ரஷ்ய நடிகர் ஒருவர் தன் நண்பராக இருந்தாராம். என் அப்பாவின் அகதி விசாரணைக்கு ஒத்திகை பார்க்க வந்தவர், அப்பாவின் பேச்சைக் கேட்டு எழுந்து நின்று பாராட்டினாராம். எழுந்து நின்றது உண்மை. நான் அங்கே இருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அகதியாக வந்த நாட்டில், டோர்செட் பார்க் என்ற இடத்தில், பதினோராம் மாடியில் இருந்தோம். ரஷ்யர் எங்கள் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவர். மாமா மொஸ்கோவில் மூன்று வருடம் எஞ்சினியரிங் படித்து, முடிக்காமல் வந்தவர். அவர்தான் ரஷ்யரோடு பேசி, அவர் நடிகர் என்று கண்டுபிடித்தார். நடிகர் என்றால் கையில் ஏன் வாளி என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போய், இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வோல்கா ஆற்றங்கரையில் ஒரு நகரம். அங்கே நாடக அரங்கில் இருபத்தெட்டு வருடம். குரல் கனமானது என்று இருபத்தைந்து வயதிலேயே கிழவன் வேடம் கொடுத்தார்களாம். படங்களில் எப்போதும் ஜெர்மன் அதிகாரி. பதினொரு படம், பதினொன்றிலும் சாவு. பாலத்திலிருந்து விழுந்து சாவதை எடுக்க மட்டும் மூன்று நாள். நாடு உடைந்த பிறகு அரங்கில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, சம்பளமும் வரவில்லை. கடைசி வருடம் மேலங்கியோடு நடித்தார்கள், பார்த்தவர்களும் மேலங்கியோடு இருந்தார்கள். பிறகு மகள் இங்கே கூப்பிட்டாள்.

உடுப்புக் காயவைக்கும் மெஷினில் சாய்ந்து எனக்காகப் பல தடவை செத்துக் காட்டினார். எது நல்ல சாவு என்று கேட்டேன். சாகிற நேரத்தில் விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடியதுதான் என்றார். எனக்குப் பாலம்தான் பிடித்தது.

அப்பாவின் கேஸ் வென்றால்தான் கொழும்பில் சின்னம்மாவோடு நின்ற அண்ணாவைக் கூப்பிடலாம். அண்ணாவுக்குப் பதினான்கு வயது. இராணுவ முகாமில் தனக்கு நடந்ததை வாயால் சொல்ல முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். கட்டடத்தில் பாதிப் பேருக்குக் கேஸ் எழுதிக் கொடுத்த மாமா அவருக்கும் ஒன்று எழுதினார். வீடு எரிந்தது, பின்வளவால் ஓடித் தப்பியது. எங்கள் வீடு எரியவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் ரஷ்யர் மாமாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் ஹோலில் நீதவானாக உட்கார்ந்தார். அவர் ரஷ்ய மொழியில் கேட்க, மாமா தமிழில் சொன்னார். வாளி தூக்கும் மனிதரைக் காணவில்லை. மீன் ரோலோடு வந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை வைக்காமல் நின்றார்.

"பயப்பிடாதேங்கோ அத்தான், இவர் பொய் ஜட்ஜ்தானே" என்றார் மாமா.

"அப்ப நீ ஏன்ரா நடுங்கிறாய்?" என்றார் அம்மா.

அப்பா பாடமாக்கியதை ஒப்பித்தார். இடையில் ரஷ்யர் கையை உயர்த்தி ஏதோ கேட்டார். மாமா தயங்கினார். அவர் திரும்பவும் கேட்டார்.

"காலிலை என்ன போட்டிருந்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

அப்பா தன் கால்களைப் பார்த்தார். "செருப்பில்லை" என்றார். குரல் வேறாக இருந்தது. "முகாம் வாசல்லை கழட்டிப்போட்டு உள்ளை வரச்சொன்னவங்கள். கோயிலுக்குப் போற மாதிரி."

அம்மா தட்டோடு குசினிக்குள் போய்விட்டார். ரஷ்யர் எழுந்தார், கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். மாமாவைப் பார்த்து மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னார். மாமா அப்பாவிடம் திரும்பினார்.

"நல்லாச் சொல்லுறியளாம் அத்தான். உப்பிடியே சொல்லட்டாம். செருப்புக் கதை மட்டும் வேண்டாமாம்."

அவ்வளவு நீளப் பேச்சு இவ்வளவு சின்னதாக எப்படி வந்தது என்று யோசித்தேன். அடுத்த நாள் ரஷ்யரிடமே போய், அப்பா நன்றாக நடித்தாரா என்று கேட்டேன். இல்லை என்றார். "உன் அப்பா மோசமான நடிகர். ஒரு நிமிஷம் மட்டும் நடிக்கவில்லை."

எனக்குக் கோபம் வந்தது. என் அப்பாவைக் குறை சொன்ன மனிதரோடு இனிக் கதைக்கிறதில்லை என்று வந்துவிட்டேன். அப்பா கவலைப்படுவார் என்று வீட்டிலும் சொல்லவில்லை.

விசாரணையில் அப்பா செருப்பை விட்டுவிட்டுச் சொன்னார். பாடமாக்கியது போலிருக்கிறது என்று எழுதி நிராகரித்தார்கள். அப்பீல் அது இது என்று இழுபட்டு அண்ணா வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. விமான நிலையத்தில், வேற்று மனிதருக்குக் கொடுப்பதுபோல் அப்பாவுக்குக் கை கொடுத்தான்.

ரஷ்யர் குறை சொல்லவில்லை, தப்புகிற வழியைச் சொன்னார். அது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை. அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். மாமாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது, ரஷ்ய மொழியும் தெரியும்.

ரஷ்யர் இறந்துவிட்டார். அப்பாவும் இல்லை. அன்று அந்தப் பேச்சு விளங்கியவர் என்று மாமா ஒருவர்தான் மிச்சம். அடுத்த மாதம் மன்ற விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். அஜக்ஸ் நகரத்திலிருந்து அண்ணாவும் வருவான். பொன்னாடைக்கு முன்னால் மாமா மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பதில் சொல்லட்டும்: அந்த மனிதர் கோட்டைக் கழற்றிவிட்டு என்ன சொன்னார்?