ஸ்டாஃப் ரேட்டு

அக்காவின் கழுத்தில் தாலிக் கயிற்றுக்கு மேலே ஒரு கறுப்புக் கயிறும் கிடக்கும். அதன் முனையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு கைப்பேசி தொங்கும். பொத்தானை அழுத்தினால் நீல ஒளி வரும். அதைப் பார்ப்பதற்காகவே பில் போடும் மேசையருகே பெண்கள் சற்று நின்று போவார்கள். திருவண்ணாமலையில் கைப்பேசி வைத்திருப்பவர் யார் யார் என்று பெயர் சொல்லிவிடக்கூடிய காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. எங்கள் கடையில் வேலை பார்த்தவர்களில் முதன்முதலில் அதை வாங்கியவள் அவள்தான். முதலாளி பாதி விலைக்குக் கொடுத்தாராம். எங்களுக்கெல்லாம் அதில் கொஞ்சம் பொறாமைகூட.

தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முனையில் இருந்தது அந்தக் கடை. டி.வி., மிக்ஸி, டேப் ரெக்கார்டர் என்று நடந்துகொண்டிருந்த வியாபாரத்தில், புதிதாகக் கைப்பேசிக்கென்று ஒரு கண்ணாடி மேசை போட்டிருந்தார்கள். கல்லூரி முடித்த கையோடு நான் அங்கே விற்பனைக்குச் சேர்ந்தேன். அக்கா எனக்கு முன்பிருந்தே பில் போடுகிறவள். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் கணவர் வேன் ஓட்டினார். காலையில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே யாராவது ஓர் ஊர்க்காரர் கூட வருவார். பெரியாஸ்பத்திரியில் எந்த வாசலில் சீட்டு வாங்குவது, கலெக்டர் ஆபீசில் மனுவை யாரிடம் கொடுப்பது என்று எதுவானாலும் அவளைத்தான் கேட்பார்கள். சலிக்காமல் சொல்வாள். டவுனில் அந்த ஊருக்கு இருந்த ஒரே ஆள் அவள் என்று தோன்றும்.

கடையில் ஒரு வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு ஸ்டாஃப் ரேட்டு உண்டு. பெட்டியில் அச்சடித்த விலையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கொடுப்பார்கள். அக்காவுக்கு மட்டும் முதலாளி ஒரு படி மேலே போனார். "உங்க ஊரு ஆளுங்க யாரு வந்தாலும் உங்க குடும்பம் மாதிரிதாம்மா. ஸ்டாஃப் ரேட்டே போட்டுக் குடுங்க" என்றார். அன்று அவள் முகத்தில் இருந்த பெருமையை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை விற்ற காசோடு ஊர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கல்யாணச் சீருக்கு டி.வி., வெளியூரில் வேலைக்குப் போகும் பையனுக்குக் கைப்பேசி. வேறு கடையில் விசாரிக்க மாட்டார்கள். விலைகூடக் கேட்க மாட்டார்கள். "எங்க பொண்ணு இருக்கற கடை" என்று சொல்லி, எண்ணிக்கூடப் பார்க்காமல் பணத்தை அவள் முன்னால் வைப்பார்கள். அவளுக்குப் பாதி விலையில் கைப்பேசி கிடைத்தது அந்தச் சமயத்தில்தான்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, கிரிவலக் கூட்டத்தில் போனைத் தொலைத்துவிட்டு சென்னைக்காரர் ஒருவர் வந்தார். முதலாளியோடு பேரம் பேசினார், சாதாரணப் பேரமில்லை. கோபித்துக்கொண்டு வாசல் வரை போனார். முதலாளி கூப்பிட்டதும் திரும்பி வந்தார். கடைசியில் விலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அக்காவிடம் அனுப்பினார் முதலாளி. அதைப் பார்த்த அக்காவின் கை அப்படியே நின்றது. அவளுடைய தங்கை கணவர் போன மாதம் ஸ்டாஃப் ரேட்டில் வாங்கிப் போன அதே போன். இவருக்கு அதைவிட எவ்வளவோ குறைவு.

"சார், தப்பா எழுதிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். முதலாளி இல்லையென்று தலையாட்டினார்.

சென்னைக்காரர் போனபிறகு அக்கா மறுபடியும் கேட்டாள். முதலாளிக்குக் கோபமே வரவில்லை. "அந்தாளு பேரம் பேசினாரு, குடுத்தேன். உங்க ஊரு ஆளுங்க வாயே தொறக்க மாட்டேங்கறாங்களே, நான் இன்னாம்மா பண்றது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்குப் பாதி விலைக்கு போன் குடுத்தேனே, அது எங்கருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?" என்றும் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அன்று மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றுவதும் விடுவதுமாக இருந்தாள். பெட்டியில் அச்சடித்த விலைக்கும் கடைக்குச் சரக்கு வந்து சேரும் விலைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. பேரம் பேசத் தெரிந்தவர் அந்த இடத்துக்குள் இறங்கி வருவார். ஊழியர் சலுகை என்பது அந்த இடத்தின் ஓரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். தெரிந்திருந்தும், நெருக்கமே தன் ஊரைப் பேரம் பேசவிடாமல் செய்துவிட்டது என்று அவளுக்கு அதுவரை தோன்றவில்லை. "ஸ்டாஃப் ரேட்டு ஸ்டாஃப் ரேட்டுனு அவரா போய் சொன்னாரு? நான்தாண்டி சொன்னேன், வீடு வீடா" என்றாள்.

அவள் சம்பளம் இல்லாமல் வீடு நடக்காது. அதனால் தொடர்ந்து வந்தாள். சில நாள் கழித்து அவளுடைய தாய்மாமா, மனைவியையும் கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு கலர் டி.வி. வாங்க வந்தார். முதலாளியே எழுந்து வரவேற்றார். டி.வி.யைப் போட்டுக் காட்டினோம். மகள் பெரியதைத்தான் பார்த்தாள். மாமா மடியிலிருந்து பணத்தை எடுக்கும்போது அக்கா எழுந்து நின்றாள்.

"மாமா, பேரம் பேசுங்க."

"இன்னாம்மா சொல்ற?"

"இந்த விலைக்கு வேணாம் மாமா. பக்கத்துக் கடைல கேட்டுட்டு வாங்க. நான் சொல்றேன், கேளுங்க."

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "பொண்ணுக்கு வாங்கறதுக்கு என்கிட்ட துட்டு இல்லைனு நெனச்சுட்டியா? நீ இருக்கற கடைல நான் பேரம் பேசினா யாருக்கு அசிங்கம்?" என்றார். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "மனசுல வச்சுக்காதீங்க. சோறு போடற எடத்துல எப்படிப் பேசறதுனு தெரியல அதுக்கு." முழுப் பணத்தையும் கொடுத்தார். முதலாளி மனமுவந்து ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சும்மா கொடுத்தார். பில்லை அக்காதான் போட வேண்டியிருந்தது. போட்டாள். அவர்கள் போனதும் கழுத்துக் கயிற்றைக் கழற்றிப் போனை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். "கோவத்துல முடிவெடுக்காதீங்கம்மா, நாளைக்கு வாங்க" என்று முதலாளி சொன்னார். அவள் வரவில்லை.

பிறகு நடந்ததை அந்த ஊர்ப் பையன் ஒருவன் சொல்லிக் கேட்டேன். அக்கா, வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் உண்மையைச் சொன்னாளாம். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்போ உனக்கு எவ்ளோ குடுத்தான்?" அவள் கழுத்தில் தொங்கிய போனை எல்லோரும் பார்த்திருந்தார்கள். தங்கை கணவர் வருவதை நிறுத்திவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்பளமாவது வந்திருக்கும் என்று அக்காவின் கணவர் சண்டை போட்டாராம். ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டுக்கூட யாரும் அவள் வீட்டுப் படியேறவில்லை.

இன்று என் மகன் ஒரு போன் வாங்குவதற்குள் பத்துக் கடையின் விலையைக் கைக்குள்ளேயே பார்த்துவிடுகிறான். நண்பன் வேலை செய்யும் கம்பெனியில் ஊழியர் சலுகை கிடைக்கும் என்றான். அக்காவைக் கடைசியாகப் பார்த்தது ஞாபகம் வந்தது.

அது எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் கழித்து, பஸ் நிலையத்தில். மெலிந்திருந்தாள். ஒரு மருந்துக் கடையில் வேலை என்றாள். அங்கே அச்சடித்த விலைதான், பேச்சே கிடையாது என்றாள். தயங்கித் தயங்கி மாமாவைப் பற்றிக் கேட்டேன்.

"நல்லா இருக்காரு. எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் பெருமதான். 'எங்க பொண்ணு மொதலாளிகிட்ட சண்ட போட்டு கம்மி வெலைக்கு டி.வி. வாங்கிக் குடுத்தா, இஸ்திரிப் பெட்டி வேற'னு சொல்றாரு."

"நீங்க உண்மையச் சொல்லலியாக்கா?"

"சொன்னேனே. உனக்கு அடக்கம் ஜாஸ்தினுட்டாரு."

கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றது. கூட்டத்தோடு ஏறப் போனவள் படியில் கால் வைத்தபடி திரும்பினாள்.

"ஊர்ல என்னைப் பத்தி நல்லதா பேசறது அவர் ஒருத்தர்தாண்டி. அதுவும் பொய்."