மாவு மில் சம்சாத்து

துணிக்குழாய் வழியாக வாளியில் விழும் மாவில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்க்கிறார். நயம் போதவில்லை. "இன்னொரு தடவ ஓட்டணும்ட்டி! இடியாப்பத்துக்கு இது காணாது!" என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துகிறார் சம்சாத் பேகம். இமை, புருவம், முக்காடு எல்லாம் வெள்ளை. மிளகாய் அரைக்கிற அன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய மாவு மில்லுக்கு வரும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவார்கள். அவர் ஒரு தும்மல்கூடப் போடுவதில்லை.

கணவர் அபுபக்கர் குவைத்தில் டிரைவர். 1990 ஆகஸ்டில் ஈராக் படை அங்கே புகுந்தபின் அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. முதல் வாரம் சம்சாத் டிரான்சிஸ்டரை மில்லிலேயே வைத்திருந்தார். ஒரு காலையில் கோதுமையைக் கொட்டிக்கொண்டே செய்திக்குக் காதைக் கொடுத்தபோது, முந்தானை மெஷின் பெல்ட்டில் மாட்டியது. சேலை கிழிந்துவிட்டதால் ஆள் தப்பினார். சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். எழுந்தபோது கோபம் வந்தது.

"அவருக்கு நடக்கது அங்க நடக்கு. என் கையி இங்கல்லா இருக்கு? மனசு குவைத்துக்குப் போனா கையி போயிரும்" என்றார், யாரையோ அதட்டுகிற மாதிரி. அன்றே ரேடியோ வீட்டுக்குப் போனது. காலையில் கேட்பார், இரவில் கேட்பார். நடுவில் கிடையாது.

ஊர் விடவில்லை. வன்னியம்பட்டிப் பரிபூரணம் அரிசி மூட்டையை இறக்குமுன்னே, "பாய் சேதி ஏதும் உண்டாக்கா?" என்பாள். "அரிசி நல்லாக் காஞ்சிருக்கா, அதைச் சொல்லு" என்பார் சம்சாத்.

கணவரின் அண்ணன் சேக் முகைதீன் வந்து மில் வாசலிலேயே நின்றார். "தம்பி என்ன ஆனாம்னே தெரியல. நீ மில்லு ஓட்டிக்கிட்டு இருக்க. ஊரு என்னம்மா பேசும்?"

"பேசட்டும் மச்சான். மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்காது."

அபுபக்கர் இறந்துவிட்டதாக ராஜபாளையத்தில் யாரோ சொன்னார்களாம். ஒரு நாள் சம்சாத் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது கூடம் நிறையப் பெண்கள், ஒரே அழுகை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "யாரு பாத்தா?"

"ராஜபாளையத்துல பேசிக்கிட்டாங்களாம்" என்றாள் ஒருத்தி.

"யாரும் பாக்காத சாவுக்கு, யாரும் பாக்காத மையத்துக்கு நான் எதுக்கு அழணும்? அழ வேண்டிய நாளு வந்தா ஒங்கள விட நல்லாவே அழுவேன். இப்ப எனக்குப் பசிக்கு."

அவர்கள் முன்னாலேயே தட்டைப் போட்டு உட்கார்ந்தார். முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்து இறக்கினார். மீனைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தார். முள்ளில் கண் இருந்தவரை அழுகை வரவில்லை. கை கழுவிவிட்டு, சாத்தியிருந்த மில்லைத் திறக்கப் போய்விட்டார். கூடத்திலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அக்டோபரில் ஒரு முற்பகல், அபுபக்கரே மில் வாசலில் வந்து நின்றார். ஜோர்டான் பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, விமானத்தில் பம்பாய் சேர்ந்து, அங்கிருந்து ரயிலில் வந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும். தெருவே பின்னால் கூடியிருந்தது. சம்சாத் சுவிட்சை அணைத்தார். சத்தம் அடங்கிய பிறகுதான் அவர் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"எல்லாம் போச்சு சம்சாத்து. வேலையும் போச்சு. இனி அங்க போக முடியுமோ என்னவோ. நாளைக்கு என்ன செய்யப் போறோம், நாளான்னைக்கு என்ன..."

அத்தனை பேர் பார்க்க, மாவு அப்பிய உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினார் சம்சாத். கையை எடுக்கவில்லை.